படிகாரப் பாவாடை

லாம்பெத், லண்டன்
8 நவம்பர் 1869

அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத இன்று எனக்குப் பொறுமை இல்லை. இந்த வருடக் கிறிஸ்துமஸ் கூத்தில் பனிராணி யார் என்று நினைக்கிறாய்? நான்தான்! எட்டு வயதில் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஆர்கேடியா அரங்கத்தின் பின்வாசலில் நுழைந்தவள், இத்தனை வருடமும் கடைசி வரிசையில் காகிதப் பூவும் கையுமாக நின்றவள், இனி நடுமேடையில் தனியாக ஆடப்போகிறேன்.

மேலாளர் ஸ்க்ரிவன் இன்று காலை எல்லோர் முன்னாலும் சொன்னார். "லெட்டி, உன் காலு பேசுதும்மா. அதைப் போய் இன்னும் பின்வரிசையில ஒளிச்சு வெச்சா பாவம் பிடிக்கும்" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தால் அன்றைக்கு தேம்ஸ் திரும்பி ஓடும் என்று நீ சொல்வாயே, கடல் ஏறும்போது அது தினமும் திரும்பித்தானே ஓடுகிறது? அதே மாதிரி இவரும் ஒருநாள் திரும்பினார் என்று வைத்துக்கொள். நம் வரிசை ரோடா என் தோளில் கிள்ளினாள். பொறாமைதான், வேறென்ன. ஆனால் சாயங்காலம் அவளே தள்ளுவண்டிக்காரனிடம் சுடச்சுட விலாங்குமீன் வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள்.

பாவாடையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லாம் புது மஸ்லின். அடுக்கின்மேல் அடுக்காக இடுப்பிலிருந்து விரிந்து, முழங்காலுக்கும் கீழே மணி மாதிரி இறங்குகிறது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. காஸ் விளக்கு வெளிச்சத்தில் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் நின்றது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

உன் முகம் சுருங்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நீ என்ன பதில் எழுதுவாய் என்பதும் தெரியும். ஒரே ஒரு நாள் எனக்காகச் சந்தோஷப்பட்டுவிட்டு அப்புறம் எழுது. மார்கேட் கடற்காற்று உன் புண்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? அத்தை இன்னமும் எதைப் பார்த்தாலும் வினிகர் ஊற்றுகிறாளா?

உன்
லெட்டி


மார்கேட்
11 நவம்பர் 1869

லெட்டி,

நீ கேட்டபடி ஒரு முழு நாள் சந்தோஷப்பட்டேன். அத்தையிடம் சொன்னேன். அத்தை மீன்காரியிடம் சொன்னாள். இப்போது மார்கேட்டில் படகுக்குக் கீல் பூசுகிறவனுக்குக்கூட நீ ராணி.

அந்த நாள் முடிந்தது. இனி நான் எழுதவேண்டியதை எழுதுகிறேன்.

அந்தப் பாவாடையைப் படிகாரத் தண்ணீரில் முக்கி எடுக்காமல் நீ மேடை ஏறக்கூடாது. முக்கின துணி பற்றிக்கொள்ளாது. நெருப்புப் பட்டால் பட்ட இடம் கருகும், அதோடு நிற்கும். இது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சலவை அறை மூலையில் படிகார மூட்டை நம் காலத்துக்கு முன்பிருந்தே கிடக்கிறது. ஒருத்தியும் தொடுவதில்லை. முக்கினால் மஸ்லின் மங்கிவிடும், விறைத்துவிடும், காற்றில் மிதக்காது. மேகம் மாதிரி மிதக்கவேண்டும் என்றுதானே நம்மைப் பார்க்க வருகிறார்கள்.

போன பிப்ரவரியில் என் மேகம் பற்றிக்கொண்டபோது நான் ஒரு மூச்சு இழுத்தேன். அதை வெளியே விடுவதற்குள் நெருப்பு தலைக்கு மேலே போயிருந்தது. காஸ் விளக்குக்காரர் டோபின் ஈரக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் வந்தார், பாவம். வருவதற்குள் முதுகும் இரண்டு கைகளும் போய்விட்டன. உனக்குத் தெரியாததா, நீயும் அங்கேதான் நின்றாய். ஆனால் நீ வெளியிலிருந்து பார்த்தாய், நான் உள்ளேயிருந்தேன்.

கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. எனக்குக் கெஞ்ச வராது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் மூத்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ளவேண்டும். சலவைக்கார மிஸஸ் குவிலிடம் சொல். முக்கு.

டோர்காஸ்


லாம்பெத்
15 நவம்பர் 1869

அக்கா,

உன் பேச்சைத் தட்டவேண்டாம் என்று ஸ்க்ரிவனிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தாராளமா முக்கிக்கோ, யாரு வேணாம்னா? ஆனா முக்கின பாவாடை பின்வரிசைக்குத்தான். பனிராணின்னா பளிச்சுன்னு இருக்கணும். பாத்திரம் துடைக்கிற துணி கலர்ல ஒண்ணைக் கட்டிக்கிட்டு நடுவுல வந்து நின்னா, ஜனங்க ராணின்னா சொல்வாங்க? புகைக்கூண்டு துடைக்க ஆள் வந்திருக்குன்னு சொல்வாங்க."

இப்போது நீயே சொல். வெள்ளை என்றால் நடுமேடை, மங்கல் என்றால் பின்வரிசை. அந்தப் பின்வரிசையில் நான் ஆடியது போதாதா? நமக்கு இருப்பதெல்லாம் இரண்டு கால்கள்தான், அவையும் கொஞ்ச வருடத்துக்குத்தான். முப்பது வயதில் யார் என்னை நடுவில் நிறுத்துவார்கள்? கிடைத்த ஒன்றை உன் பயத்துக்காக விட்டுக்கொடு என்கிறாய். மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். அன்றைக்கு மேடை ஓரத்துப் பெஞ்சில் உட்காரும்போது விளக்குப் பக்கமாகப் பாவாடையைத் தூக்கி விசிறியது நீ. இங்கே யாரைக் கேட்டாலும் டோர்காஸின் அஜாக்கிரதை என்றுதான் சொல்கிறார்கள். நான் அப்படி இல்லை. எங்கே விளக்கு இருக்கிறது என்று பார்த்து உட்காருவேன். எனக்காக நீ அங்கே உட்கார்ந்து நடுங்கவேண்டாம்.

லெட்டி


மார்கேட்
17 நவம்பர் 1869

மிஸ் லெட்டிஷியா பேல் அவர்களுக்கு,

அஜாக்கிரதை என்று ஸ்க்ரிவன் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னபோது எனக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அதனால் வலிக்கவில்லை. இப்போது விழித்திருக்கிறேன்.

உங்கள் வெள்ளைப் பாவாடையோடு சௌக்கியமாக இருங்கள். இனி கடிதம் போடவேண்டாம். வந்தால் பிரிக்கமாட்டேன். அத்தைக்கு அடுப்பு மூட்டக் காகிதம் தேவைப்படுகிறது.

டோர்காஸ் பேல்


லாம்பெத்
1 டிசம்பர் 1869

அக்கா,

போன வாரம் போட்ட கடிதம் அடுப்புக்குப் போயிருக்கும். இதையும் போடு, ஆனால் படித்துவிட்டுப் போடு.

நேற்று ஒத்திகை. பனிராணியின் நீண்ட சுழற்சி முடிந்து மூச்சு வாங்க மேடை ஓரத்துக்கு வந்தேன். பெஞ்சு காலியாக இருந்தது. விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன், தினமும் பார்க்கிறேன். ஜாக்கிரதை லெட்டி, ஜாக்கிரதை என்று எனக்கே சொல்லிக்கொண்டுதான் உட்காரப் போனேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் இரண்டு கைகளும் பின்னால் போய்ப் பாவாடையைத் தூக்கி ஒரு விசிறு விசிறின.

"அடிப் பாவி! உட்காராதே!" என்று டோபின் கத்தினார். கத்தியதோடு பாய்ந்து வந்து என்னை மேடைக்குள் தள்ளிவிட்டார். நான் மூக்கடிபட விழுந்தேன். எழுந்து பார்த்தால் பாவாடை ஓரத்தில் பழுப்பாக ஓர் ஓட்டை. அவர் கையாலேயே கசக்கி அணைத்திருக்கிறார்.

"உங்க அக்காவும் இதையேதான் செஞ்சா" என்றார். "நீங்க எல்லாரும் இதையேதான் செய்யறீங்க. நான் தினமும் இங்க நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், யாரு கேக்கறீங்க?"

நமக்கு ஆட்டம் சொல்லித்தந்த மேடம் டுவாலை நினைத்துக்கொண்டேன். பாவாடையைக் கசக்கினால் கெண்டைக்காலில் பிரம்பு விழும். முதலில் தூக்கு, அப்புறம் விசிறு, அப்புறம் உட்கார். ஜெபம் கற்றுக்கொள்வதற்கு முன்பே நாம் கற்றுக்கொண்டது அது. என் கைகள் என் பேச்சைக் கேட்கவில்லை அக்கா. அவள் பேச்சைத்தான் கேட்கின்றன.

மன்னிப்பு என்று நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்தேன். எனக்கு அது வராது, நீ வளர்த்த வளர்ப்பு அப்படி. ஆனால் இதை எழுதுகிறேன்: அது உன் அஜாக்கிரதை இல்லை. அந்தச் சொல்லை எழுதினேனே என்று நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

இன்று ஸ்க்ரிவனிடம் போய், பாவாடையை முக்குகிறேன், நடுவிலும் ஆடுகிறேன் என்றேன். "பின்வரிசையில இடம் இருக்கு" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

எனக்கு நடுமேடையும் வேண்டும், என் தோலும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசையா?

லெட்டி


மார்கேட்
4 டிசம்பர் 1869

அடியே லெட்டி,

பேராசைதான். நன்றாகப் பேராசைப்படு.

பிரிக்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். பிரித்தது அத்தை. பிரித்ததோடு விடாமல் அடுப்படியில் நின்று உரக்கப் படித்தாள். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் என் கைகள் அவ்வளவு தூரம் மடங்குவதில்லை. ஆக முழுவதும் கேட்கவேண்டியதாயிற்று. அஜாக்கிரதை இல்லை என்று நீ எழுதிய வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். அதற்குமேல் இதைப் பற்றிப் பேசவேண்டாம், எனக்கு அழுதால் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் கஷ்டம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நான் இரவு பகலாக உட்கார்ந்து கடலைத்தான் பார்க்கிறேன். மேகமூட்டமான நாளில் அலை நுரை எவ்வளவு வெள்ளை தெரியுமா? அதே நுரைமேல் ஒரு வெள்ளைக் கடற்பறவை வந்து உட்கார்ந்தால் நுரை அழுக்காகத் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளை நிற்கிறபோதுதான் மங்கல் மங்கலாகத் தெரியும். மேடையில் ஒரு வெள்ளைப் பாவாடைகூட இல்லாவிட்டால்? எல்லோரும் முக்கிவிட்டால்? எதைக் காட்டி உன்னை மங்கல் என்பான் அவன்? ஒருத்தியைப் பின்வரிசைக்குத் தள்ளலாம். மொத்த வரிசையையும் எங்கே தள்ளுவான், தேம்ஸிலா?

படிகாரத்தை ஸ்க்ரிவன் ஏன் இன்றுவரை விதியாக்கவில்லை என்பதும் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழகு கெடும் என்பது ஊருக்குச் சொல்கிற காரணம். இன்றைக்கு அவன் எல்லோரும் முக்குங்கள் என்று சொன்னால், போன பிப்ரவரியில் ஏன் சொல்லவில்லை என்று நாளைக்கே ஒருவன் கேட்பான். என் தலையில் கட்டின அஜாக்கிரதை அவிழ்ந்து அவன் தலைக்குப் போய்விடும். அதற்காகத்தான் நீங்கள் எல்லோரும் வெள்ளையாக இருக்கவேண்டியிருக்கிறது.

அவனிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்காதே. பெண்களிடம் பேசு. மிஸஸ் குவில் நல்லவள், நம் பக்கம் நிற்பாள். ஆனால் கை கொஞ்சம் தாராளம். அளவை நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

அக்கா


லாம்பெத்
19 டிசம்பர் 1869

அக்கா,

பேசினேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது.

முதலில் ஒருத்தியும் கேட்கவில்லை. ரோடாதான் எல்லோருக்கும் வாய். "என் சொத்தே இந்த ரெண்டு காலுதான். அதுல சாக்குப்பையைச் சுத்திக்கச் சொல்றியா?" என்றாள். "உனக்கென்ன மகாராணி, நடுவுல நிப்பே. முன்வரிசை பாக்ஸ்ல உக்கார்ற ஒருத்தனாவது என்னைத் திரும்பிப் பாக்கணும்னா எனக்கு வெள்ளை வேணும்."

நான் ஒத்திகைப் பாவாடையை எடுத்து அந்தப் பழுப்பு ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினேன். பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். பிப்ரவரிக்கு அப்புறம் உன் பெயரை அந்த அறையில் யாருமே உரக்கச் சொன்னதில்லை, தெரியுமா? அபசகுனமாம். நான் சொன்னேன். உன் முதுகைப் பற்றிச் சொன்னேன், கட்டு மாற்றும்போது நீ போட்ட சத்தத்தைச் சொன்னேன். "அது அஜாக்கிரதை இல்லடி, நம்ம எல்லார் கையிலயும் இருக்கு" என்றேன். "எங்கே, எல்லாரும் ஒரு தடவை உக்காருங்க பாப்போம்!"

உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் தூக்கினார்கள், விசிறினார்கள், உட்கார்ந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசியில் ரோடாதான் வாயைத் திறந்தாள். "சரிடி. மூட்டை மாதிரி இருந்தாலும் முழுசா இருப்போம்."

கிறிஸ்துமஸ் அன்று அரங்கம் பூட்டியிருக்கும். சலவை அறைச் சாவி மிஸஸ் குவிலிடம் இருக்கிறது. வாத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். வழக்கமாகக் கூத்து தொடங்குகிற மறுநாள், பாக்ஸிங் நாள், இந்த வருடம் ஞாயிறாகிப் போனதால் திங்கட்கிழமைதான் தொடங்குகிறது. உலர ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

நீ முதல் நாள் வருகிறாயா? ரயிலில் இரண்டு மூன்று மணி நேரம்தானே.

லெட்டி


மார்கேட்
22 டிசம்பர் 1869

லெட்டி,

வரமாட்டேன். வற்புறுத்தாதே.

இங்கு வந்ததிலிருந்து தெருவுக்கு நான் இறங்கியதில்லை. மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். ஒருமுறை ஜன்னலைத் திறந்தபோது கீழே போன குழந்தை என்னைப் பார்த்து அழுதது. அது பாவம், அதற்கென்ன தெரியும். ஆனால் அதன் அம்மாவும் சிலுவைக்குறி போட்டாள்.

நீ நன்றாக ஆடு. நான் இங்கிருந்து உனக்காகத் தாளம் போடுகிறேன், காலால்.

அக்கா


லாம்பெத்
28 டிசம்பர் 1869

அக்கா! அக்கா! அக்கா!

எங்கே தொடங்குவது? மிஸஸ் குவிலிடம் தொடங்குகிறேன்.

அளவைப் பார்த்துக்கொள் என்று நீ எழுதினாய். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் கிறிஸ்துமஸ் ஆயிற்றே, அவள் போர்ட் ஒயின் கொண்டுவந்திருந்தாள், பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள், நானும் ஒரு வாய் குடித்தேன். அந்த நேரத்தில் அவள், வீட்டில் அலங்காரத்துக்குப் படிகாரக் கூடை செய்வார்களே, கம்பிக் கூடையைக் கொதிக்கிற படிகாரத்தில் முக்கிப் பளிங்கு பூக்க வைப்பார்களே, அந்த அளவில் அள்ளிக் கொட்டிவிட்டாள். போதாததற்கு மேலே எப்போதும் போடுகிற கஞ்சியையும் போட்டாள், அதுவும் வழக்கத்தைவிடக் கெட்டியாக. "பத்திரமா இருக்கட்டும் கண்ணுங்களா!" என்றாள்.

திங்கட்கிழமை மதியம் வந்து பார்க்கிறோம். ஒரு பாவாடையை எடுத்துத் தரையில் வைத்தேன். அது தானாக நின்றது! உள்ளே ஆள் இல்லை, அது பாட்டுக்கு நிற்கிறது! ரோடா அதற்குக் குனிந்து வணக்கம் வைத்தாள். போட்டுப் பார்த்தால் பலகைக்குள் புகுந்த மாதிரி இருக்கிறது. அடி எடுத்துவைத்தால் முழங்காலில் இடிக்கிறது, சரக் சரக் என்று சத்தம் வேறு. சின்னப் பெண்கள் அழுதுவிட்டார்கள். மறுபடி அலசினால் படிகாரமெல்லாம் தண்ணீரோடு போய்விடும், உலரவும் நேரமில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். முக்காத மாற்று வெள்ளைப் பாவாடைகள் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. ஓடிப்போய் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன், நினைத்தேன்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன். இடிக்கிற இடம் வரைக்கும் வெட்டினேன். முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. வெட்டின உடனே பாவாடை கீழே தொங்க மறுத்துவிட்டது. தட்டைக் கவிழ்த்துவைத்த மாதிரி இடுப்பைச் சுற்றி நேராக நீட்டிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தேன். அக்கா, இத்தனை வருடம் ஆடினோமே, ஆடும்போது நம் கால்களை நாம் பார்த்திருக்கிறோமா? துணியைத்தான் பார்த்திருக்கிறோம். நேற்றுதான் முதல்முறையாக என் முழங்கால் மடங்குவதையும் நிமிர்வதையும் பார்த்தேன். "எல்லாரும் வெட்டுங்கடி!" என்றேன்.

திரை ஏறப்போகிற நேரத்தில் ஸ்க்ரிவன் எங்களைப் பார்த்தார். முகம் பீட்ரூட் ஆகிவிட்டது.

"என்னடி இது கோலம்! முழங்காலெல்லாம் தெரியுது! வெட்கமா இல்ல? இது அரங்கமா, மீன் சந்தையா?"

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "போன பிப்ரவரியில எங்க அக்காவுக்கு எலும்பே தெரிஞ்சுது. அப்ப உங்களுக்கு வெட்கம் வரலையே சார்?" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் வாத்தியம் தொடங்கிவிட்டது. நாங்கள் போய்விட்டோம்.

முதலில் பாக்ஸில் ஒரு சீமாட்டி விசிறியால் மகள் கண்ணை மறைத்தாள். பிறகு மேடைமேல் பளிச்சென்று அடிக்கிற சுண்ணாம்பு விளக்கின் நீல வெளிச்சம் எங்கள்மேல் விழுந்தது. குவில் கொட்டின படிகாரம் அத்தனையும் பளிங்காகப் பூத்திருந்ததால் வரிசை முழுக்க மினுமினுத்தது. மேல்தட்டு மலிவு இருக்கையிலிருந்து ஒருவன், "பனி எழுந்து நின்னு ஆடுது டோய்!" என்று கூவினான். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டது. நான் ஆடிய ஒவ்வொரு அடியையும் ஜனங்கள் பார்த்தார்கள். காலைக் காலில் தட்டி எழும்பும்போதெல்லாம் கைதட்டினார்கள். இதுவரை அதைப் பாவாடைக்குள் ஒளித்துவைத்து யாருக்காக ஆடிக்கொண்டிருந்தோம்?

நடுவில் ஒன்று நடந்தது. ரோடா திரும்பும்போது அவள் பாவாடை பக்கத்து விளக்குச் சுடரில் பட்டது. நான் பார்த்தேன், டோபினும் பார்த்துக் கம்பளியைத் தூக்கினார். கருகின வாடை வந்தது. அதோடு சரி. அவள் ஆடிக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் நான் பெஞ்சில் உட்காரப் போனேன், முடியவில்லை. இந்தப் பாவாடையில் யாராலும் உட்கார முடியாது! சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே அழுதேன்.

உன் லெட்டி


லாம்பெத்
30 டிசம்பர் 1869

அக்கா,

ஒரு பத்திரிகை எங்களை மானங்கெட்டவர்கள் என்று எழுதியது. அதைப் படித்துவிட்டு லண்டனே எங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. ஜனவரி முழுவதற்கும் இடம் இல்லையாம்.

இன்று காலை ஸ்க்ரிவன் எங்களைக் கூப்பிட்டார். சிரித்த முகம். திட்டு விழும் என்று போனவர்களுக்கு அதைப் பார்த்ததும் இன்னும் பயமாகிவிட்டது.

"குட்டைப் பாவாடை இருக்கட்டும்" என்றார். "ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இந்தப் படிகாரச் சனியன் வேணாம். புது மஸ்லின் வருது, நல்ல வெள்ளை. நிமிந்து நிக்க உள்ள கம்பி வெச்சுத் தெச்சுக்கலாம். மினுமினுப்புக்குக் கண்ணாடித் தூள் ஒட்டிக்கலாம்."

எங்கள் கால்களை எடுத்துக்கொண்டார், படிகாரத்தை மட்டும் தூக்கி எறியச் சொல்கிறார். ஏன் சார் என்று கேட்டேன். ஒவ்வொரு சலவைக்கும் மறுபடி முக்கவேண்டும், பளிங்கு உதிர்ந்து மேடை வழுக்கும் என்று ஏதேதோ சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். "உங்க அக்கா விஷயம் அஜாக்கிரதைன்னு முடிஞ்சுபோன கதை. படிகாரம் படிகாரம்னு சொல்லி அதைத் தோண்டி எடுக்கலாம்னு பாக்காதே. இங்க எதை முக்கணும் எதை முக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்வேன்."

நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

"முக்காத பாவாடையில ஆடமாட்டேன்" என்றேன். ரோடா என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் வந்து நின்றார்கள்.

சனிக்கிழமை வரைக்கும் இதே பாவாடையில் ஆடலாமாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பின்வாசலில் புதுப் பெண்களைத் தேர்ந்தெடுக்கிறாராம். பனிராணிக்கும் சேர்த்து. கிழக்கு லண்டனின் சின்னக் கொட்டகைகளிலெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார். வருவார்கள் அக்கா. இந்த ஊரில் பசித்த கால்களுக்கா பஞ்சம்? அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை, போன மாதம் நான் எப்படிப் பேசினேன்? ஆர்கேடியாவில் இடம், வெள்ளைப் பாவாடை என்றால் நானே முதலில் ஓடியிருப்பேன். அவர்கள் ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்ததில்லை. உன்னைப் பார்த்ததில்லை.

நான் பணியப்போவதில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. இந்த ஒன்று போய்விட்டால் எனக்கு வேறொன்று வராது.

லெட்டி


மார்கேட்
1 ஜனவரி 1870

லெட்டி,

பயப்படு, பரவாயில்லை. பயத்தோடேயே நின்றுகொண்டிரு.

இன்று காலை நான் ரயில் நிலையத்துக்குப் போனேன். நடந்து, தெரு வழியாக, எல்லோரும் புதுவருடத்துக்குத் துணி உடுத்திக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிற நேரத்தில். அத்தை பின்னாலேயே சால்வையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், "போத்திக்கோடி, போத்திக்கோடி" என்று. போர்த்திக்கொள்ளவில்லை. டிக்கெட் கொடுக்கிற ஆள் என் கைகளைப் பார்த்தான். சில்லறை எண்ணுவதை மறந்துவிட்டுப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு இந்த யோசனையே வந்தது. இத்தனை மாதமாக இதை மறைத்துவைத்து ஸ்க்ரிவனுக்கு உபகாரம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்! அவன் அஜாக்கிரதை என்று ஒரு வார்த்தை சொன்னான், மீதியை நான் அறைக்குள் அடைந்துகிடந்து முடித்துக்கொடுத்தேன்.

நாளை மதிய ரயிலில் வருகிறேன். உன் அறையில் எனக்கு இடம் வை. குப்புறப் படுத்துத்தான் தூங்குவேன், குறட்டை வரும்.

திங்கட்கிழமை நீயும் ரோடாவும் மற்றவர்களும் பின்வாசலுக்கு வரவேண்டாம். கூட்டம் சேர்ந்தால் போலீஸ்காரன் வருவான், சண்டை என்று ஆகிவிடும். அடுத்த தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருங்கள். ஸ்க்ரிவன் கதவைத் திறப்பதற்கு முன்பே நான் அங்கே நிற்பேன். தனியாகத்தான். முழங்கைக்கு மேலே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பேன். குளிரில் தழும்பு இழுக்கும். இழுக்கட்டும்.

வேலை கேட்டு வருகிற ஒவ்வொருத்திக்கும் கைகொடுப்பேன். பழைய ஆட்டக்காரி புதியவளுக்குக் கைகொடுத்து உள்ளே அனுப்புவது ஆர்கேடியாவில் என்றும் உள்ள வழக்கம்தானே, அதை யாரும் தடுக்கமுடியாது. "வாம்மா, நான் டோர்காஸ் பேல், போன வருஷம் இங்க ஆடினவ" என்பேன். பிடித்த கையைச் சட்டென்று விடமாட்டேன். அவளும் பார்க்காமல் இருக்கமுடியாது, பார்த்தபின் கேட்காமல் இருக்கமுடியாது, இது எப்படிக்கா ஆச்சு என்று.

அவளிடம் சொல்வேன்: "வெள்ளைப் பாவாடைம்மா. உள்ள உனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்காங்க."

டோர்காஸ்